50 எம்எம் எஃப் 1.8: வளவுக்குள் எத்தனை செ.மீ. தெளிவு கிடைக்கும்?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கியிருக்கிறார், கேமரா கிராப் சென்சார் (35 எம்எம் ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்). செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம் வருகிறது, அதற்கு முன்னால் பழகிக்கொள்ளலாம் என்று அப்பத்தாவை வளவில் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தில்) உட்காரவைத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். எஃப் 1.8இல் ஒரு கண் பளிச்சென்று வந்திருக்கிறது, இன்னொரு கண்ணும் காதுத் தோடும் மங்கல். எஃப் 8க்கு மாற்றினால் முகம் முழுக்கத் தெளிகிறது, கூடவே பின்னால் இருக்கிற சுவிட்ச் போர்டு, கொடியில் காயும் துண்டு எல்லாம் தெளிகிறது, படமும் இருட்டாகவோ ஆட்டமாகவோ வருகிறது. லென்ஸில் கோளாறா, எந்த அப்பர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவில்) எடுக்கவேண்டும் என்பதுதான் கேள்வி.

லென்ஸில் கோளாறு இல்லை தம்பி. ஆனால் அப்பர்ச்சரிலிருந்து கேள்வியைத் தொடங்கினால் விடை கிடைக்காது. எனக்கு முன்னாலிருந்து பின்னால் வரை எத்தனை செ.மீ. தெளிவாக வேண்டும், நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன், பின்னணி ஆளிடமிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். அப்பர்ச்சர் எண் அதற்குப் பிறகு தானாக வந்துவிடும்.

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை (50 எம்எம் என்பது அதுதான்) அந்த எண்ணால் வகுத்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது தெரிகிற துளையின் அகலம் வரும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 மி.மீ., நம் 10 ரூபாய் நாணயத்தைவிடத் துளி பெரிது. எஃப் 4இல் 12.5 மி.மீ., எஃப் 8இல் 6 மி.மீ.க்குச் சற்று மேல். துளை அகலமாக இருந்தால் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி அகலமான கூம்பாக உள்ளே போகிறது. ஃபோகஸ் வைத்த தளத்தில் இருக்கும் புள்ளி சென்சாரில் புள்ளியாகவே விழும், அதற்கு முன்னாலோ பின்னாலோ இருப்பது சிறு வட்டமாக விரியும். துளையைச் சுருக்கினால் கூம்பு ஒடுங்கும், வட்டமும் சிறுக்கும். அந்த வட்டம் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரிகிற அளவுக்குச் சிறியதாக இருக்கும் வரைக்கும் அதைத் தெளிவு என்று ஒத்துக்கொள்கிறோம். கிராப் சென்சாரில் இதற்குப் பொதுவாக 0.02 மி.மீ. என்று வைப்பார்கள், ஃபுல் ஃபிரேமில் (35 எம்எம் ஃபிலிம் அளவுச் சென்சாரில்) 0.03. ஆக, முழுத் தெளிவு ஒரே ஒரு தளத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் 'போதுமான தெளிவு'. இதை மறக்காதீர்கள், பிரிண்ட் போடும்போது திரும்ப வரும்.

இப்போது உங்கள் கேமராவுக்கான கணக்கு. 50 எம்எம், கிராப் சென்சார், எஃப் 1.8: ஆள் 1 மீட்டரில் இருந்தால் தெளிவின் மொத்த ஆழம் 2.7 செ.மீ. மட்டுமே. 2 மீட்டரில் 11 செ.மீ., 3 மீட்டரில் 25 செ.மீ., 4 மீட்டரில் 45 செ.மீ. தூரம் இரண்டு மடங்கானால் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது, கவனியுங்கள். அப்பர்ச்சர் எண்ணை இரண்டு மடங்காக்கினால் ஆழமும் வெறும் இரண்டு மடங்குதான், அதற்கு ஒளியில் நான்கில் மூன்று பங்கைப் பறிகொடுக்கவும் வேண்டும். இரண்டடி பின்னால் போவதற்குக் காசும் இல்லை, இருட்டும் இல்லை. முகம் மட்டும் நெருக்கமாக வேண்டுமென்றால் பின்னால் நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டிப் பெரிதாக்கும்போது மங்கலும் கொஞ்சம் பெரிதாகும்தான், ஆனாலும் மொத்தத்தில் லாபம்.

அப்பத்தாவின் ஒரு கண் மட்டும் ஏன் தெளிந்தது என்பது இப்போது புரியும். முகமும் தோளும் அடங்குகிற மாதிரி எடுத்திருந்தால் நீங்கள் கிட்டத்தட்ட 1 மீட்டரில் நின்றிருக்கிறீர்கள். பெரியவர்களின் இரு கண்களுக்கு இடையே ஏறத்தாழ 6 செ.மீ. இருக்கும். முகத்தை 30 டிகிரி ஒரு பக்கமாகத் திருப்பினாலே ஒரு கண் இன்னொன்றைவிட 3 செ.மீ. பின்னால் போய்விடும். உங்களிடம் இருந்ததோ முன்னும் பின்னும் சேர்த்து 2.7 செ.மீ. கிட்டக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் எட்டக் கண்ணுக்கு மிஞ்சுவது 1.4 செ.மீ.தான். தோடு அதற்கும் வெகுதூரம் பின்னால். அதே இடத்தில் நின்று எஃப் 4 வைத்திருந்தால் 6 செ.மீ. கிடைத்து இரண்டு கண்ணும் உள்ளே வந்திருக்கும். ஒன்றரை மீட்டருக்கு நகர்ந்து எஃப் 4 வைத்தால் 14 செ.மீ., தோட்டின் கல்கூட மின்னும். ஆச்சிமார் தோடும் மூக்குத்தியும் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அதை மங்கலாக்குவது எனக்குச் சம்மதமே இல்லை. அந்த நகை அந்த முகத்தோடு சேர்ந்தது.

கிராப் சென்சாரில் ஆழம் அதிகம் என்று சொல்வார்கள், குறைவு என்றும் சொல்வார்கள். இரண்டும் சரிதான், எதை மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்றால் 2 மீட்டரில் ஃபுல் ஃபிரேமில் 17 செ.மீ., கிராப்பில் 11. ஆனால் ஃபிரேமில் ஆள் ஒரே அளவாகத் தெரிய கிராப்காரர் 3 மீட்டருக்குப் பின்னால் போகவேண்டும், அங்கே அவருக்கு 25 செ.மீ. கிடைத்துவிடும். நடைமுறையில் எல்லாரும் ஃபிரேமைப் பார்த்துத்தான் நிற்கிறோம், அதனால் கிராப்பில் ஆழம் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பின்னணிக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, செட்டிநாட்டு வீட்டில் எடுப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவதும் இதில்தான்.

தெளிவின் ஆழம் வேறு, பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது வேறு. பின்னணிக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி, ஆள் இருக்கும் இடத்தின் அளவில் பார்த்தால், லென்ஸ் துளையின் அகலத்துக்கே விரியும். எஃப் 1.8இல் துளை 28 மி.மீ. என்றோமே, அப்பத்தாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த விளக்கு 28 மி.மீ. வட்டமாகத் தெரியும். பின்னணி அவ்வளவு தூரத்தில் இல்லாமல், கேமராவிலிருந்து ஆள் இருப்பதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால் அதில் பாதி, 14 மி.மீ. ஆளை வளவுச் சுவரில் முதுகு ஒட்ட உட்காரவைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கம். அதனால்தான் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு லென்ஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆளைச் சுவரிலிருந்து இழுத்து வளவின் இந்தப் பக்கத் தூணுக்குக் கொண்டுவாருங்கள், எதிர்ப் பக்கத் தூண் வரிசை பின்னணியாகட்டும்.

நம் வீடுகள் இதற்கென்றே கட்டியது போலத்தான் இருக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள், வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில். கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் தெரியும். அந்தக் கோட்டில் ஆளை நிறுத்தினால் பின்னணிக்கு வேண்டிய தூரம் கேட்காமலே கிடைக்கிறது. இப்படித் தூரம் கிடைத்துவிட்டால் எஃப் 1.8 தேவையே இல்லை. ஆள் 2 மீட்டரில், பின்னால் தூண் 10 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மீட்டர் அகலமுள்ள பர்மாத் தேக்குத் தூண், ஆளின் அளவில் 5 செ.மீ. அகலமாகத் தெரியும். எஃப் 1.8இல் அதன் விளிம்பு 22 மி.மீ. கரையும், தூண் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான், பழுப்பு நிறப் பட்டையாகிவிடும். எஃப் 4இல் 10 மி.மீ. கரையும்: அது தூண் என்று தெரியும், வரிசையாகப் போகிறது என்று தெரியும், ஆனாலும் கண்ணை இழுக்காது. என்னைக் கேட்டால் வளவுக்குள் தனி ஆளை எடுக்க எஃப் 2.8க்கும் 4க்கும் நடுவில்தான் அழகு. அந்தத் தூண்களை அடையாளம் தெரியாமல் அழித்துவிட்டால் அந்தப் படத்தை எந்த ஊர் அபார்ட்மென்டிலும் எடுத்திருக்கலாமே. சுவிட்ச் போர்டையும் துண்டையும் பற்றி: துண்டை எடுத்துவிடுங்கள், சுவிட்ச் போர்டு தூணுக்குப் பின்னால் மறைகிற மாதிரி அரையடி நகருங்கள். அப்பர்ச்சர் செய்யவேண்டிய வேலையே இல்லை அது.

85 எம்எம் வாங்கலாமா என்றும் இதோடு கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஃபிரேம், ஒரே எஃப் எண் என்றால் 50க்கும் 85க்கும் தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றேதான், ஏனென்றால் 85ஐ வைத்துக்கொண்டு நீங்கள் பின்னால் போய் நிற்பீர்கள். மாறுவது பின்னணி. 85 எம்எம் எஃப் 1.8இன் துளை 47 மி.மீ., அதனால் வெகுதூர விளக்கு இன்னும் பெரிய வட்டமாகும், பின்னணியில் அடங்கும் பரப்பும் குறையும். திருமண மண்டபத்துக்கு நல்லது. வீட்டுக்குள் கிராப் கேமராவில் 85 போட்டால் பின்னால் போக இடம் தேடித் திண்ணைக்கே வந்துவிடுவீர்கள்.

போனிலும் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறதே, அதில் ஏன் எல்லாம் தெளிவாக வருகிறது என்று யோசித்திருப்பீர்கள். போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 6 மி.மீ. போலத்தான் இருக்கும். 1.8ஆல் வகுத்தால் துளை 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். எண் ஒன்று, துளை வேறு. போர்ட்ரெய்ட் மோடில் வருகிற கரைசல் கணக்குப் போட்டுப் பூசுவது, மல்லிகைச் சரத்தின் ஓரத்திலும் கலைந்த முடியிலும் அது தடுமாறுவது தெரியும்.

அடுத்தது விசேஷ நாள். தம்பதியைச் சேர்ந்து உட்காரவைப்பார்கள், இரண்டு முகத்துக்கும் இடையே அரை மீட்டர் இருக்கும். நேர் எதிரே நின்றால் இருவரும் ஒரே தளத்தில் இருப்பார்கள், 3 மீட்டரிலிருந்து எஃப் 2.8இல் 40 செ.மீ. ஆழம் தாராளம். ஆனால் நேர் எதிரே ஹோமகுண்டமும் ஐயரும் இருப்பார்கள், உங்களுக்கு இடம் கிடைப்பது மூலையில். 45 டிகிரியிலிருந்து பார்த்தால் அந்த அரை மீட்டர் 35 செ.மீ. முன்-பின் வித்தியாசமாக மாறிவிடுகிறது. எஃப் 2.8 அதற்கு நூலிழையில்தான் போதும், யாராவது கொஞ்சம் சாய்ந்தால் போச்சு. எஃப் 4இல் 57 செ.மீ., நிம்மதி. தாலி கட்டும்போதும் கலசத் தண்ணீர் ஊற்றும்போதும் கையும் முகமும் சேர்ந்து வேண்டும், அப்போதும் எஃப் 4க்குக் கீழே இறங்காதீர்கள். அந்தக் கணம் திரும்ப வராது, கரைந்த பின்னணிக்காக அதைப் பணயம் வைக்கவேண்டாம்.

குழுப் படத்துக்கு எஃப் 8 வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை, 50 எம்எம்மில் அது பெரும்பாலும் வீண். கணக்கைப் பாருங்கள். நாற்காலியில் ஒரு வரிசை, பின்னால் நிற்பவர் ஒரு வரிசை, வரிசைக்கு ஆறு பேர் என்றால் அகலம் 3 மீட்டர் ஆகும். அது உங்கள் ஃபிரேமில் அடங்க 7 மீட்டர் பின்னால் நிற்கவேண்டும். 7 மீட்டரில் எஃப் 2.8இலேயே 2.2 மீட்டர் ஆழம் இருக்கிறது, எஃப் 4இல் 3.2 மீட்டருக்கும் மேல். இரண்டு வரிசைக்கும் நடுவே முக்கால் மீட்டர்தானே! எஃப் 4 போதும், மூன்றாவது வரிசை சேர்ந்தால் 5.6. ஃபோகஸ் முன்வரிசையில் நடுவில் இருப்பவரின் கண்ணில் வையுங்கள், பின்னால் போகும் ஆழம்தான் எப்போதும் கூடுதல். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது, அது ஒரே ஒரு தூரத்தில்தான் உண்மை, உங்கள் லென்ஸில் எஃப் 8 என்றால் 5 மீட்டர் சுமாருக்கு. கிட்டத்தில் எடுக்கும்போது முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. இன்னொன்று, வரிசையை வில்லாக வளைத்து நிற்கவைக்காதீர்கள். தெளிவின் தளம் சென்சாருக்கு இணையான நேர்த் தளம், ஓரத்தில் நிற்பவர்கள் வளைந்து முன்னால் வந்தால் அவர்கள்தான் முதலில் மங்குவார்கள்.

ஒளிக்கணக்கு இதோடு ஒட்டியது. எஃப் 1.8இலிருந்து 8க்குப் போனால் ஒளி இருபதில் ஒரு பங்காகிறது. முதலில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்காக இருந்தால் எஃப் 4இல் 100இல் ஒன்று, எஃப் 8இல் 25இல் ஒன்று. உங்கள் படம் ஆடியதற்குக் காரணம் அதுதான். இந்த விலையில் வரும் 50 எம்எம்களில் பெரும்பாலும் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது, இருந்தாலும் ஆள் அசைவதை அது நிறுத்தாது. ஆட்களுக்கு 125இல் ஒன்றுக்குக் கீழே போகாமல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்ணை) ஏற்றுங்கள், 1600 வரை தயங்கவேண்டாம். கொஞ்சம் குருணை தெரிந்தால் யாரும் வருந்தமாட்டார்கள், ஆடிய முகத்தை ஒன்றும் செய்யமுடியாது. வளவில் காலை பத்து மணிவாக்கில் மேலிருந்து இறங்கும் வெளிச்சம் நன்றாகவே இருக்கும். ஆளை அதன் ஓரத்து நிழலில் வையுங்கள், வெயில் விழும் கட்டத்துக்குள் வேண்டாம்.

ஃபோகஸ் முறையில் இரண்டு விஷயம். நடுப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேம் கட்டுவது எஃப் 1.8இல் கிட்டத்தில் ஆகாது. 1 மீட்டரில் 10 டிகிரி திருப்பினாலே தளம் கண்ணுக்கு 1.5 செ.மீ. பின்னால் போய்விடும், உங்களிடம் அந்தப் பக்கம் இருப்பது 1.3. கண் இருக்கும் இடத்துக்கே ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள், கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். ஃபோகஸ் பிடித்த பிறகு நீங்களும் அப்பத்தாவும் ஆளுக்கு ஒரு செ.மீ. அசைந்தாலே கதை முடிந்தது, அதனால் தொடர்ச்சியாக ஃபோகஸ் பண்ணும் முறையில் வைத்து மூன்று நான்கு படம் சேர்த்து எடுங்கள். கண்ணாடி உள்ள பழைய முறைக் கேமராவாக இருந்தால் வ்யூஃபைண்டரை நம்பவேண்டாம், அதன் திரை எஃப் 2.8 அளவுக்குத்தான் ஆழத்தைக் காட்டும், எஃப் 1.8இல் உண்மையில் அதைவிட மெல்லியது. படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பாருங்கள்.

குத்துவிளக்கும் சீரியல் பல்பும் பின்னணியில் வரும்போது மட்டும் எஃப் 1.8ஐத் தாராளமாகத் திறக்கலாம். முழுக்கத் திறந்தால் நடுவில் வட்டம் வட்டமாகவே வரும், ஓரத்தில் நீள்வட்டமாக நசுங்கும். சுருக்கினால், துளையை மூடித் திறக்கும் இதழ்களின் எண்ணிக்கை தெரிய ஆரம்பிக்கும். கேனனின் பழைய 50 எம்எம் எஃப் 1.8 இரண்டாம் பதிப்பில் 5 இதழ், விளக்கெல்லாம் ஐங்கோணமாகும். 2015இல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் 7. முழுக்கத் திறக்கும்போது வெள்ளிப் பாத்திரத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியலாம், எஃப் 2.8க்குச் சுருக்கினாலே பெரும்பகுதி அடங்கிவிடும்.

பிரிண்ட் விஷயம். 0.02 மி.மீ. என்ற அந்தக் கணக்கு, கையில் பிடித்துப் பார்க்கிற அளவுப் படத்துக்கானது. அறுபதாம் கல்யாணப் படத்தைப் பெரிதாகப் போட்டு முகப்புச் சுவரில் ஐயா, அப்பத்தா படங்களுக்குப் பக்கத்தில் மாட்டத்தானே போகிறீர்கள், கிட்டே போய்ப் பார்ப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். போன் திரையில் தெளிவாகத் தெரிந்த தோடு 20க்கு 30 அங்குலத்தில் மங்கலாகத் தெரியும். சுவருக்குப் போகும் படம் என்று தெரிந்தால் நான் மேலே சொன்னதைவிட ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) சுருக்குங்கள்: 2.8 என்றால் 4, 4 என்றால் 5.6. எஃப் 11க்கு மேல் மட்டும் போகவேண்டாம், கிராப் சென்சாரில் அங்கே ஒளிச்சிதறலால் படம் முழுக்கவே கூர்மை குறையும்.

ஆத்தங்குடியில் கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) செய்யும் இடத்துக்குப் போய் எடுக்க ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றும் கையை அரை மீட்டரிலிருந்து எடுத்தால் எஃப் 1.8இல் ஆழம் 6 மி.மீ., ஒரு விரல் பருமன்கூட இல்லை. எஃப் 5.6இல் 2 செ.மீ., எஃப் 8இல் 3. விரலும் கரண்டியும் தெளிய எஃப் 8, வெளிச்சம் போதாவிட்டால் கதவோரம் வேலை செய்பவரைத் தேர்ந்தெடுங்கள். பூவேலை முழுதும் தெளிய வேண்டுமென்றால் சாய்வாக எடுக்காமல் நேர் மேலிருந்து, கேமராவைக் கல்லுக்கு இணையாகப் பிடியுங்கள், அப்போது எஃப் 2.8கூடப் போதும். வெளியே காயவைத்திருக்கும் இடத்தில் உச்சி வெயிலில் எஃப் 1.8 வைத்தால் ஐஎஸ்ஓ 100இலேயே 8000இல் ஒரு நொடி ஷட்டர் கேட்கும், உங்கள் கேமரா அநேகமாக 4000இல் ஒன்றோடு நின்றுவிடும், படம் வெளுத்துப்போகும். அங்கே எஃப் 4க்குச் சுருக்குங்கள், திறந்தே எடுக்கவேண்டும் என்றால் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், லென்ஸ் விளிம்பில் விட்டம் எத்தனை மி.மீ. என்று எழுதியிருக்கும், அதே அளவில்.